ஆங்கில ஏடுகளில் சின்னமனூர்

ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் இருவகை வாழ்வு வாழ்கின்றது. ஒன்று, அவ்வூராரின் நாவிலே வாழும் வாழ்வு. மற்றொன்று, பிறமொழியாளரின் ஏட்டிலே வாழும் வாழ்வு. கெய்ரோ, இஸ்தான்புல், தில்லி போன்ற மாநகர்களின் பெயர்கள் எம்மொழி வாக்கியத்திலும் தயக்கமின்றி அமர்ந்துவிடுகின்றன. சிற்றூர்களின் நிலை அத்தகையதன்று. அவை எப்போதோ ஒருமுறைதான் அயல்மொழி ஏட்டில் தலைகாட்டுகின்றன. அவ்வாறு அரிதாக வரும் பெயர் எந்த எழுத்துருவில் வருகின்றது, வாக்கியத்தில் எவ்விடத்தில் நிற்கின்றது, யாருக்குத் துணையாக நிற்கின்றது என்பவற்றைக் கூர்ந்து நோக்கினால், ஓர் ஊரின் வரலாறு எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதே நமக்கு விளங்கிவிடும். இதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூர்.

தேனியிலிருந்து கம்பம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வீரபாண்டியைக் கடந்து, உத்தமபாளையத்தை எட்டுவதற்கு முன்னர் வருவது சின்னமனூர். 1895-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பெற்ற பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பள்ளத்தாக்கில் இறங்கி, ஏறத்தாழ 14,700 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்ந்து, பின்னர் வைகையைச் சேர்கின்றது. நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் அந்தச் செழிப்பின் நடுவே இருப்பது இவ்வூர். மேகமலைக்கு ஏறும் பாதையும் இங்கிருந்துதான் தொடங்குகின்றது. இத்தனை இருந்தும், ஆங்கில நூல்களில் இவ்வூரின் பெயர் வயலுக்காகவோ வாழைக்காகவோ அறியப்பட்டதில்லை. அது அறியப்பட்டது செம்பினால்.

செம்பு தந்த புகழ்

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், பாண்டிய மன்னர் காலத்துச் செப்பேடுகள் இரு தொகுதிகள் சின்னமனூரிலிருந்து அறிஞர் பார்வைக்கு வந்தன. கல்வெட்டுத் துறையைச் சேர்ந்த எச். கிருஷ்ண சாஸ்திரியார் அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தார். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்னும் அரசு வெளியீட்டின் மூன்றாம் தொகுதி, நான்காம் பகுதியாக 1929-இல் அது வெளிவந்தது. அப்பகுதியின் தலைப்பிலேயே சின்னமனூர், திருக்களர், திருச்செங்கோடு ஆகிய மூன்று ஊர்களின் பெயர்கள் இடம்பெற்றிருக்கின்றன. அதே 1929-ஆம் ஆண்டில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் 'பாண்டிய நாடு' பற்றிய ஆங்கில நூலும் வெளியாயிற்று. அன்றிலிருந்து தென்னாட்டு வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதுவோர் எவரும் இவ்வூரின் பெயரைச் சொல்லாமல் நகர முடியாத நிலை உண்டாயிற்று.

அதற்குக் காரணம் யாது? இவற்றுள் பெரிய செப்பேடு வீரநாராயண பாண்டியனின் மகனான இராசசிம்மனின் 16-ஆம் ஆட்சியாண்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பொறிக்கப்பெற்றது. அதில் ஒரு பகுதி வடமொழியில் கிரந்த எழுத்தாலும், மற்றொரு பகுதி தமிழில் வட்டெழுத்தாலும் அமைந்துள்ளது. பாண்டியரின் முன்னோர் செய்த அருஞ்செயல்களை வரிசைப்படுத்துமிடத்து, அவர்கள் பாரதத்தைத் தமிழாக்குவித்ததையும் மதுரையில் சங்கம் நிறுவியதையும் அது குறிப்பிடுகின்றது. சங்கம் என்பது வெறும் கற்பனையா, உண்மையில் இருந்ததா என்னும் நெடிய வழக்கில், உலோகத்தில் பொறித்த சாட்சியமாக வந்து நின்றது இச்செப்பேடு. தமிழின் தொன்மை பற்றி ஆங்கிலத்தில் எழுதும் எவரும் இதனை எடுத்துக்காட்டாமல் இருக்க இயலாது.

அம்மன்னனின் முடிவோ துயரமானது. சோழன் முதற் பராந்தகனிடம் தோற்று, இலங்கைக்குச் சென்று அடைக்கலம் புகுந்து, தன் மணிமுடியை அங்கேயே விட்டுவிட்டு அகன்றான் என்று இலங்கை வரலாற்று நூல் கூறுகின்றது. அரசு போயிற்று, முடியும் போயிற்று. அவன் வழங்கிய செம்புத் தகடுகள் மட்டும் ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கி நிலைத்துவிட்டன.

ஓர் ஊர், இரண்டு பெயர்

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய முதற் செய்தி வருகின்றது. நகராட்சிப் பலகையிலும் அஞ்சல் முத்திரையிலும் பேருந்து நெற்றியிலும் இவ்வூரின் ஆங்கிலப் பெயர் 'சி', 'எச்' என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்குகின்றது. வரலாற்று நூல்களிலோ அது 'எஸ்' என்னும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றது. முன்னதைப் படிப்பவர் வல்லோசையுடன் ஒலிப்பார். பின்னதைப் படிப்பவர் மெல்லோசையுடன் ஒலிப்பார். ஊரை அறியாத ஒருவர் இவற்றை இருவேறு ஊர்கள் என்றே எண்ணிக்கொள்ள இடமுண்டு.

இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? தமிழில் சகரம் ஒன்றே. அது நிற்கும் இடத்துக்கும் பேசுவோர் வழக்குக்கும் ஏற்ப ஒலி வேறுபடும். ஆங்கிலத்திற்குச் சென்றதும் அவ்வொரே எழுத்து பல வேடங்களைப் பூணுகின்றது. சிதம்பரத்திற்கும் சென்னைக்கும் 'சி', 'எச்'. சேலத்திற்கும் சிவகங்கைக்கும் 'எஸ்'. செங்கோட்டைக்கோ பழைய இரயில்வே ஏடுகளில் 'எஸ்', 'எச்'. இவை யாவும் தமிழில் ஒரே எழுத்தில் தொடங்குவன. வருவாய்த் துறை எழுத்தர்கள் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். கல்வெட்டறிஞர்களோ காதை நம்பவில்லை, எழுத்தையே நம்பினர். ஒரு தமிழெழுத்துக்கு ஒரு உரோமன் எழுத்து என்று வரையறுத்துக்கொண்டு, மொழிமுதற் சகரத்திற்கு 'எஸ்' எழுத்தின் தலையில் ஒரு சிறு கோடிட்டனர். றன்னகரத்திற்கு 'என்' எழுத்தின் கீழே கோடிட்டனர். ஊகாரத்திற்கு மேலே கோடிட்டனர். அவ்வடையாளங்கள் இருக்கும்வரை அப்பெயரைப் பார்த்து எவரும் 'சின்னமனூர்' என்று பிழையறத் தமிழில் திருப்பி எழுதிவிடலாம்.

பிற்காலத்தில் பொது நூல்களை அச்சிட்டோரிடம் அக்கோடிட்ட எழுத்துகள் இல்லை. எனவே கோடுகள் உதிர்ந்தன. கோடுகள் போனபின் எஞ்சியது வெறும் 'எஸ்'. துல்லியத்துக்காகப் படைத்த உருவம், தன் அடையாளங்களை இழந்தபின் இன்னொரு பெயர்போல ஆகிவிட்டது. பிழை என்று யாரையும் சுட்ட இயலாது. விளைவு மட்டும் இதுதான்: ஊர் ஓர் எழுத்திலும், ஊரின் வரலாறு வேறோர் எழுத்திலும் குடியிருக்கின்றன.

வாக்கியத்தில் ஊரின் இடம்

இரண்டாவதாக நோக்கத்தக்கது, வாக்கியத்தில் இப்பெயர் நிற்கும் இடம். ஆங்கில வரலாற்று நூல்களில் 'சின்னமனூர்' பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. 'பெரிய' அல்லது 'சிறிய' என்னும் அடையை முன்னும், 'செப்பேடுகள்' என்னும் சொல்லைப் பின்னும் கொண்டு இடையில் நிற்கின்றது. செப்பேடுகள் கூறுகின்றன, செப்பேடுகள் உணர்த்துகின்றன, செப்பேடுகள் வேள்விக்குடிச் செப்பேட்டோடு முரண்படுகின்றன என்றெல்லாம் வாக்கியங்கள் ஓடும். பேசுவது செம்பு. ஊர் அதன்மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு மட்டுமே.

தமிழிலும் நாம் 'சின்னமனூர்ச் செப்பேடு' என்றுதான் சொல்கின்றோம். ஆயினும் தமிழில் அப்பெயர் அதோடு நின்றுவிடுவதில்லை. சின்னமனூரில், சின்னமனூருக்கு, சின்னமனூரிலிருந்து, சின்னமனூரார், சின்னமனூர்க்காரர் என்று அது உருபுகளை ஏற்று உயிரோடு நடமாடுகின்றது. ஆங்கிலத்தில் பெருநகரத்தாருக்குத் தனிப்பெயர் உண்டு. இலண்டன் வாசியை ஒரே சொல்லால் குறித்துவிடுவார்கள். சின்னமனூர்வாசியைக் குறிக்க அம்மொழியில் சொல்லில்லை. ஏனெனில் அவரைப் பற்றி எழுத வேண்டிய தேவை அவ்வாசிரியர்களுக்கு நேர்ந்ததில்லை.

அரிய ஊர்ப்பெயருக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. அதன் பின்னே ஒரு விளக்க வால் தொங்கும். பாரிஸ் என்று எழுதினால் போதும், எந்த நாட்டில் என்று சொல்ல வேண்டுவதில்லை. சின்னமனூர் என்று எழுதியவுடன் 'மதுரை மாவட்டம் பெரியகுளம் தாலுகாவிலுள்ள' என்று அன்றைய ஆங்கில ஏடு தொடர்ந்தது. 1996-இல் தேனி தனி மாவட்டமான பின் 'தேனி மாவட்டத்திலுள்ள' என்று இன்றைய ஏடு தொடர்கின்றது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, வால் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றது. இவ்விளக்கம் வீணானதன்று. கம்பம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆந்திர மாநிலத்துக் கம்பமா, நம் பள்ளத்தாக்குக் கம்பமா என்னும் ஐயம் எழும். கூடலூர் என்றால் நீலகிரிக் கூடலூரும் நினைவுக்கு வரும். எனினும் எத்தனை நீளமான வால் தேவைப்படுகின்றதோ அத்தனை தொலைவில் அந்த ஊர் அயலார் நினைவிலிருந்து நிற்கின்றது என்று கொள்ளலாம்.

கண்டெடுத்த ஊரின் பெயர் செப்பேட்டுக்கு வாய்த்தது என்ற அளவில் சின்னமனூர் நற்பேறுடையது என்றே சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராச சோழன் கொடையளித்த செய்தியைக் கூறும் புகழ்பெற்ற செப்பேடுகளை ஆங்கில நூல்கள் 'லைடன் செப்பேடுகள்' என்றே வழங்குகின்றன. ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்தில் அவை நெடுங்காலம் பாதுகாக்கப்பெற்றமையே அதற்குக் காரணம். கொடுத்தவன் ஊரும் அன்று, கொடுக்கப்பட்ட ஊரும் அன்று, பெற்ற ஊரும் அன்று. கடல்கடந்து வைத்திருந்த ஊரின் பெயரே நிலைத்தது. தமிழறிஞர்கள் பின்னர் 'ஆனைமங்கலச் செப்பேடுகள்' என்று எழுதத் தொடங்கினர். பெயரை மீட்பதும் வரலாற்றுப் பணிதான் என்பதை இஃது உணர்த்துகின்றது.

பெரியோர் இட்ட பெயரும் மக்கள் இட்ட பெயரும்

பெயர் மாற்றம் என்பது ஆங்கிலேயர் காலத்தில் பிறந்ததன்று. சின்னமனூர்ப் பெரிய செப்பேடே ஒரு பெயர்மாற்றப் பத்திரமாகும். அளநாடு என்று அக்காலத்தில் வழங்கிய இப்பகுதியில் நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை அந்தணர் ஒருவருக்குக் கொடையாக அளித்த மன்னன், அதற்கு மந்தரகௌரவமங்கலம் என்று புதுப்பெயர் சூட்டினான். சின்னமனூருக்கும் கல்வெட்டுகளில் அரிகேசரிநல்லூர் என்று ஓர் அரசப் பெயர் உண்டு. பாண்டியரின் பட்டப்பெயரைத் தாங்கிய அப்பெயர்களை இன்று பள்ளத்தாக்கில் எவரும் வழங்குவதில்லை. அரசாணையால் வந்த பெயர்கள் அரசோடு சென்றன. மக்கள் வாயில் வழங்கிய பெயரே எஞ்சியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. புகழ்பெற்ற ஊர்களின் பெயர்கள்தாம் மிகுதியாகச் சிதைந்தன. தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆயிற்று. திருச்சிராப்பள்ளி 'டிரிச்சினாப்பொலி' ஆயிற்று. தூத்துக்குடி 'டுட்டிகோரின்' ஆயிற்று. படைவீரரும் வணிகரும் பாதிரிமாரும் நாள்தோறும் உச்சரித்து உச்சரித்துத் தம் நாவுக்கு ஏற்ப அவற்றைத் தேய்த்துவிட்டனர். சின்னமனூரில் அவர்களுக்குக் கோட்டையில்லை, பண்டசாலையில்லை. ஆதலின் அப்பெயர் எழுத்தரின் பேரேட்டிலும் அறிஞரின் ஆய்வேட்டிலும் மட்டும் வந்தது, சிதையாமல் தப்பியது. அருமையே அதற்கு அரணாயிற்று.

அருகிலுள்ள கம்பம் அவ்வளவு தப்பவில்லை. ககரத்தின் குறில் அகரத்தை 'யு' எழுத்தால் குறிப்பது பழைய ஆங்கில வழக்கம். 1870-களில் வில்லியம் ஹண்டர் என்பாரின் முறை அரசு ஏடுகளுக்கு வகுக்கப்பெற்று, குறில் அகரத்திற்கு 'ஏ' எழுத்தே உரியதென்று ஆன பின்னும், கம்பம் மட்டும் தன் பழைய 'யு' எழுத்துகளை இரண்டிடத்திலும் விடாமல் வைத்துக்கொண்டிருக்கின்றது. அயலார் அதனைக் 'கும்பும்' என்று படிப்பதில் வியப்பில்லை.

இன்னும் வேடிக்கையானது மேகமலையின் கதை. அலையலையாகத் தோன்றும் அம்மலைத்தொடருக்கு ஆங்கிலேயர் 'உயர்ந்த அலைமலைகள்' என்னும் பொருள்பட 'ஹைவேவிஸ்' என்று பெயரிட்டனர். தேயிலைத் தோட்டத்தோடு அப்பெயர் ஊன்றி, பேரூராட்சியின் பெயராகவும் நிலைத்தது. பின்னர் பட்டியல் எழுதிய கை ஒன்று ஓரெழுத்தை நழுவவிட்டது போலும். ஆங்கிலப் பட்டியல்கள் சிலவற்றில் அவ்வூர் 'ஹைவேஸ்' என்று, அதாவது 'நெடுஞ்சாலைகள்' என்று, காணப்படுகின்றது! ஒரு மலை தன் தமிழ்ப் பெயரை இழந்து ஆங்கிலப் பெயர் பெற்று, அந்த ஆங்கிலப் பெயரும் பொருளிழந்து சாலையாகிவிட்டது. 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பெற்ற பின் 'மேகமலை' என்னும் பெயர் ஆங்கிலச் செய்திகளில் மீண்டும் வழங்குகின்றது. அங்கும் ககரத்திற்குப் பின் 'எச்' உண்டா இல்லையா என்னும் ஐயம் தீர்ந்தபாடில்லை.

நம் முன்னோர் கண்ட வழி

அயல்மொழி எழுத்தில் ஊர்ப்பெயரை எழுதும் இடர்ப்பாடு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. அரபு நாட்டுப் பயணிகளும் இதனை எதிர்கொண்டனர். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு ஏடுகளில் கொல்லம் 'கூலம் மலீ' என்று வருகின்றது. 1340-களில் தமிழகத்துக்கு வந்த இப்னு பத்தூத்தா மதுரையை 'முத்ரா' என்று எழுதினார். அரபியில் எகர ஒகரங்கள் இல்லை, நம் ளகர ழகரங்களும் இல்லை. காதில் விழுந்ததைத் தம்மிடமிருந்த எழுத்துகளுக்குள் அடக்கினர்.

அதே கொல்லத்தில் கி.பி. 849-இல் வழங்கப்பெற்ற தரிசாப்பள்ளிச் செப்பேடுகளை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைப் போலவே அவையும் வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றின் இறுதியில் சாட்சிகளாக அயல்நாட்டு வணிகர்கள் தத்தம் எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். முஸ்லிம் வணிகர்கள் கூஃபி அரபெழுத்தில் தம் பெயர்களைப் பொறித்தனர். தம் பெயரைப் பிறர் எழுத்தர் எழுதட்டும் என்று விட்டுவிடாமல், தாமே தம் எழுத்தில் எழுதினர். ஆதலால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயர்களை நாம் படிக்க முடிகின்றது.

இதற்கும் மேலாகச் சென்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம் முன்னோர். தமிழை அரபெழுத்தில் எழுத முற்பட்டபோது, அரபியிலில்லாத தமிழ் ஒலிகளை விட்டுவிட அவர்கள் மனம் ஒப்பவில்லை. இருந்த எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியும் குறிகளை இட்டும் புதிய எழுத்துகளைப் படைத்தனர். அதுவே அரபுத்தமிழ் எனப்படும் அர்வி. கல்வெட்டறிஞர்கள் 'எஸ்' எழுத்தின் தலையில் கோடிட்ட அதே அறிவை, நம் ஆலிம்கள் அரபெழுத்தின் மேலும் கீழும் புள்ளியிட்டு முன்பே காட்டியிருந்தனர். ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழியின் எழுத்தில் எழுதுங்கால் அதன் ஒலி குன்றாது காப்பது எழுதுவோன் கடமை என்பதே அவர்கள் கொண்ட நெறி.

பெயர் பிழைத்தால் யாருக்கு இழப்பு?

ஓரெழுத்து மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஊரார் ஒருவரையொருவர் முகமறிந்து வாழ்ந்த காலத்தில் எழுத்து வேறுபாட்டால் பெரிய இழப்பு நேர்ந்ததில்லை. தாலுகா அலுவலகத்து எழுத்தருக்கு இரண்டும் ஒரே ஊர் என்று தெரியும். இன்று பெயரைப் பார்ப்பது மனிதக் கண் அன்று, கணிப்பொறி. அதற்கு ஊர் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டும், பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டும், கடவுச்சீட்டில் மூன்றாவதும் இருந்தால் அது மூன்று ஊர்களைக் காண்கின்றது. 'மனூர்' என்பதற்கு ஒற்றை 'என்' இட்டவர் ஒருவர், இரட்டை 'என்' இட்டவர் ஒருவர், 'ஊர்' என்பதற்கு இரண்டு 'ஓ' இட்டவர் மற்றொருவர் என்று ஒரே குடும்பத்தினரின் ஆவணங்களே ஒன்றையொன்று மறுத்து நிற்கும் நிலை உண்டாகின்றது. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைப்புத் தேடிச் செல்வோர் நிறைந்த சமுதாயம் நம்முடையது. இதன் தொல்லையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மக்கட் பெயரிலும் இதே கதைதான். ராவுத்தர் என்னும் ஒரே சொல் தமிழகத்தில் பெரும்பாலும் 'ஆர்' எழுத்துக்குப் பின் 'ஓ' இட்டும், மலைக்கப்பால் கேரளத்தில் 'ஏ' இட்டும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. ஏலத்தோட்டங்களை நாடிக் குமுளி வழியே பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கிக்குச் சென்று தங்கிய குடும்பங்களில், மலைக்கு இப்பால் உள்ளவர்க்கு ஓரெழுத்தும் அப்பால் உள்ளவர்க்கு வேறோர் எழுத்தும் வாய்ப்பது இயல்பு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் நாள் வருங்கால் அவ்வோரெழுத்து எத்துணைப் பெரிதாகத் தோன்றும் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் அறிவார்கள்.

மற்றோர் இழப்பு கண்ணுக்குப் புலப்படாதது. சின்னமனூரில் பிறந்த மாணவன் ஒருவன் தன் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் அறிய விழைகின்றான் என்று கொள்வோம். தான் பள்ளியில் எழுதப் பழகிய எழுத்துக்கூட்டைக் கொண்டு தேடினால் அவனுக்கு நகராட்சி கிடைக்கும், பேருந்து நேரம் கிடைக்கும், நெல் விலை கிடைக்கும். இராசசிம்மன் கிடைக்கமாட்டான். சங்கத்துக்குச் சாட்சியம் கூறிய செம்பு தன் ஊரிலிருந்து சென்றது என்பது அவனுக்குத் தெரியாமலே போகலாம். அவ்வாறே செப்பேட்டைப் படித்த அயல்நாட்டு ஆய்வாளர், அவ்வூர் இன்றும் உயிருடன் விளங்கும் நகராட்சி என்பதை அறியாமல், அழிந்துபட்ட பழம்பதி என்று எண்ணிக்கொள்ளலாம். ஓரெழுத்தின் இடைவெளியில் ஓர் ஊரின் இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றையொன்று காணாமல் நிற்கின்றன.

செய்யத்தக்கது யாது?

இதற்குத் தீர்வு எல்லாப் பெயர்களையும் ஒரே நாளில் திருத்திவிடுவதன்று. 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் தரப்பெற்ற புதிய எழுத்துக் கோவைகளைக் கண்டு மக்கள் மருண்டனர். அறிஞர்களிடையேயும் கருத்து வேற்றுமை எழுந்தது. சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டை மாற்றுவது எளிது, மாற்றியதை இலட்சக்கணக்கான பத்திரங்களில் ஒன்றுபடுத்துவதே அரிது என்பதை அந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டியது.

ஒலிக்கு முற்றும் பொருந்தாவிடினும் நிலைபெற்ற ஓர் எழுத்துக்கூட்டை மாறாமல் பேணுவதும் ஒரு நெறியே. உத்தமபாளையத்தில் 1956-இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 'ஹாஜி' என்பதற்கு ஈற்றில் இரண்டு 'ஈ' எழுத்துகள் இட்ட பழைய முறையையே இன்றும் காத்து வருகின்றது. இன்றைய வழக்கில் ஒரே 'ஐ' போதும் என்போர் உண்டு. ஆயினும் அங்குப் பயின்ற தலைமுறைகளின் பட்டங்கள் எல்லாம் ஒரே பெயரைச் சொல்கின்றன. அதன் மதிப்பு பெரிது.

எனவே நாம் கூற விழைவன மிகச் சிலவே. ஒன்று, ஒவ்வொரு குடும்பமும் தம் ஊர்ப்பெயருக்கும் தம் பெயருக்கும் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தெரிந்தெடுத்து, பிள்ளையின் முதற் சான்றிதழிலிருந்தே அதனை மாறாது கைக்கொள்ளல் வேண்டும். அரசு நகராட்சிக்கு வழங்கும் உருவமே அதற்கு உகந்தது. இரண்டு, ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவரும் ஆசிரியரும் முதன்முறை பெயரைக் குறிக்குமிடத்து இரு எழுத்துக்கூட்டுகளையும் அருகருகே தருதல் வேண்டும். அவ்வொரு வரியால் பிரிந்து கிடக்கும் இரண்டும் ஒன்றுபடும். மூன்று, இதுவே தலையாயது: செப்பேட்டுக்கு அடையாக மட்டும் நிற்கும் இவ்வூர், வாக்கியத்தில் எழுவாயாக நிற்கும்படியான எழுத்துகள் பிறத்தல் வேண்டும்.

அதற்கான செய்திகளுக்குப் பஞ்சமில்லை. பெரியாற்று நீர் வந்தபின் வயல்கள் மாறிய வரலாறு உண்டு. மலைத்தோட்டங்களுக்கும் சமவெளிக்கும் இடையே நடந்த வணிகத்தின் வரலாறு உண்டு. பள்ளிவாசல்களின் பழைய பேரேடுகளிலும் வக்ஃபுப் பத்திரங்களிலும் வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் கிரயச் சீட்டுகளிலும் ஊர்ப்பெயர்களும் நிலப்பெயர்களும் கண்மாய்ப் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு வயலின் நான்கெல்லையைச் சொல்லும் பழம்பத்திரம், மன்னன் பொறித்த செப்பேட்டுக்கு எவ்வகையிலும் குறைந்த சான்றன்று. செப்பேடும் அடிப்படையில் ஒரு நிலப்பத்திரந்தானே! அவற்றைப் படியெடுத்து, ஆண்டும் இடமும் குறித்து வைப்பாராயின், நாளைய ஆய்வாளர் அவற்றிலிருந்து ஆங்கிலத்திலும் பிறமொழிகளிலும் எழுதுவார். அப்போது 'சின்னமனூர் கூறுகின்றது' என்னும் வாக்கியத்துக்கு, 'சின்னமனூரார் கூறுகின்றனர்' என்பதே பொருளாக இருக்கும்.